அடி ஊறாத கஸ்டர்ட் பை

அமெரிக்கத் தென் மாநிலங்களின் கஸ்டர்ட் பைக்கு (custard pie: மாவு அடியில் முட்டை-பால் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு) முட்டை, பால், சர்க்கரை, வெனிலா, மேலே தூவ ஜாதிக்காய்த் தூள், அடியில் வெண்ணெய் மாவு, இவ்வளவுதான். சாமான் குறைவு என்பதால் குறை எதையும் மறைக்க முடியாது. எனக்கு இரண்டு தொல்லைகள்: அடிமாவு சொதசொதவென்று ஊறியது; வெட்டினால் நீர் கசிந்தது.

தட்டில் பரப்பிய மாவை இப்போது முதலில் தனியாகவே சுடுகிறேன். உப்பாமலிருக்க பேக்கிங் பேப்பர் விரித்து, உலர்ந்த பீன்ஸைக் கொட்டுகிறேன். பொன்னிறம் வரத் தொடங்கியதும் அவற்றை எடுத்துவிட்டு, வெள்ளைக்கருவைப் பூசி, மறுபடி இரண்டு நிமிடம் ஓவனில் வைக்கிறேன். பூச்சு இறுகிப் பளபளக்கும். பால் எளிதில் கீழே இறங்காது.

கசிவுக்குக் காரணம் அதிகச் சூடு. முட்டைக் கலவை 80 டிகிரி செல்சியஸ் அருகில் உறைந்துவிடும். 85-ஐத் தாண்டினால் புரதம் இறுகி நீரைப் பிழிந்து தள்ளும். அதனால் ஓவன் 160 டிகிரிதான். பாலையும் வெதுவெதுப்பாக்கியே முட்டையில் மெல்ல ஊற்றுகிறேன். ஓரம் உறைந்து, நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிடுங்கள். வேகாததுபோல் தோன்றும், பயம் வேண்டாம், மீதியை உள்சூடே முடித்துவிடும். முழுதும் ஆறும்வரை கத்தி வைக்காதீர்கள்.