சீனி வருத்தக்காரருக்கு ஒரு தயிர்ப் பாணி

மட்டக்களப்புப் படுவான்கரைத் தயிர்ச்சட்டி வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் தேடுவது கித்துள் பனையின் இனிப்புப் பாகான பாணிப் போத்தலைத்தான். அவவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). பாணி இல்லாமல் எருமைத் தயிரைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் சீனிக்குப் பதிலாகப் பாவிக்கும் சைலிட்டோல், எரித்ரிட்டோல் என்ற ‘சுகர் அல்கஹோல்’ குடும்பத்து இனிப்புத் தூள்களில் பாணி காய்ச்சப் பழகினேன்.

சைலிட்டோல் 100 கிராம், எரித்ரிட்டோல் 20 கிராம், தண்ணீர், ஒரு துண்டு கருவாப்பட்டை, ஏலக்காய். கோப்பையால் அளக்காதீங்க, டிஜிட்டல் தராசுதான் சரி. பொதியின் பின்பக்கம் சேர்மான எண் 967 என்றால் சைலிட்டோல், 968 எரித்ரிட்டோல். 965 அதே குடும்பத்து மால்டிட்டோல், அது இரத்தச் சீனியை இவை இரண்டையும் விடக் கூட்டும், நான் வாங்குவதில்லை.

கருவாவையும் ஏலத்தையும் அவித்து வடியுங்க. வடித்த தண்ணீர் 100 மில்லி இருக்கவேணும். அதில் இரண்டு தூளையும் போட்டு மெல்லிய நெருப்பில் கிளறுங்க.

இனித்தான் கவனம். சீனிப்பாகு மாதிரிக் கம்பிப் பதம் வரும், நிறம் மாறும் என்று காத்திருக்கவே கூடாது. சீனி கருகிப் பொன்னிறமாவதுபோல் இவை அந்தச் சூட்டில் ஆகாது. நீங்கள் நிறத்துக்காகக் காத்திருக்கும்போது தண்ணீர்தான் வற்றும். ஆறியதும் அடியில் மணிமணியாகப் படியும். தூள் கரைந்து தெளிந்த உடனே இறக்குங்க. பாணி தண்ணியாகத்தான் இருக்கும், கெட்டித் தயிருக்கு அதுவே பொருத்தம். படிந்துவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மீண்டும் சூடாக்கினால் கரையும்.

பின்சேர்க்கை: முழுக்க எரித்ரிட்டோலில் காய்ச்சலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. வேண்டாம். குளிரில் அது குறைவாகவே கரைந்து நிற்கும், பிரிட்ஜில் வைத்தால் படிகமாகிவிடும். இனிப்பும் சீனியின் 60–70 சதவீதந்தான்.

வயிறு இளகியதாக இன்னொருவர் எழுதியிருந்தார். ஒரு மேசைக்கரண்டிப் பாணியில் இந்தத் தூள்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். தொடக்கத்தில் அதோடு நிறுத்துங்க. உறிஞ்சப்படாத சைலிட்டோல் குடலுக்குள் நீரை இழுக்கும். இதே குடும்பத்துச் சோர்பிட்டோலை மலச்சிக்கலுக்குக் கொடுப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். மூளை வீங்கினால் ஆஸ்பத்திரியில் நாளத்தில் ஏற்றும் மன்னிட்டோலும் இதே குடும்பம், அதுவும் நீரை இழுத்தே வீக்கத்தைக் குறைக்கிறது.

இரத்தத்தில் எரித்ரிட்டோல் கூடியவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 2024இல் சைலிட்டோல் பற்றியும் அப்படியே. இவைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

நாய் வளர்ப்பவர்கள் போத்தலை உயரத்தில் வையுங்க. கொஞ்சம் சைலிட்டோலே நாயின் இரத்தச் சீனியைச் சடுதியாக இறக்கி உயிரைக் குடித்துவிடும்.