காரின் சர்பென்டைன் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மண்முனைப் பாலத்தில் பற்றரி லைட் எரிந்தது. அடுத்த நொடியே ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பாலம் தாண்டி ஓரம்கட்டி பொனட்டைத் திறந்தால், பெல்ட் நார் நாராகத் தொங்குகிறது. இரண்டு கிழமையாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்று கத்தியதுதான். கடற்காற்று ஈரம் என்று நானே விட்டுவிட்டேன். கட்டி இழுத்துக்கொண்டுதான் கல்லடிக்கு வந்து சேர்ந்தோம்.

அறுந்தது சர்பென்டைன் பெல்ட். நம் ஊரில் எல்லாரும் இதை ஃபேன் பெல்ட் என்பார்கள். உண்மையில் இப்போதைய கார்களில் ரேடியேற்றர் ஃபேன் பெரும்பாலும் கரண்டில் ஓடுகிறது. இந்தப் பெல்ட் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்நேட்டர், ஏசி, சில கார்களில் பவர் ஸ்டியரிங், பல கார்களில் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பாம்பு போல வளைந்து சுற்றி ஓட்டுகிறது. வாட்டர் பம்பும் இதில் இருந்தால், அறுந்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட நினைக்க வேண்டாம். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விடும். இன்னொன்று: இது டைமிங் பெல்ட் அல்ல. அது எஞ்சினுக்குள், மூடிக்குப் பின்னால் இருப்பது. அதில் கை வைக்காதீர்கள்.

கீழே நான் சொல்வது தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களுக்கு. ஒல்டர்நேட்டரை நகர்த்தி போல்ட்டால் இறுக்கும் காராக இருந்தால் கழற்றுகிற, இறுக்குகிற முறை வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான். டென்ஷனரும் இல்லை, நகர்த்தும் போல்ட்டும் இல்லை என்றால் அது இழுத்து மாட்டும் வகைப் பெல்ட். அதைக் கராஜுக்கே விட்டுவிடுங்கள்.

முதலில் பெல்ட் வாங்க வேண்டும். பழைய பெல்ட்டின் முதுகில் 6பிகே1500 என்பது போல ஒரு எண் இருக்கும். 6 என்பது உள்பக்க வரிகளின் எண்ணிக்கை, பிகே அந்த வரியின் வகை, 1500 நீளம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் சேஸி நம்பரைக் கொண்டுபோங்கள். கல்முனையில் நான் போன கடைக்காரர், "பழசையும் கொண்டுவாங்க தம்பி, பக்கத்துல வெச்சுப் பார்ப்பம்" என்றார். நல்ல பழக்கம். பழையது சில மில்லிமீட்டர் நீண்டிருக்கலாம். வரி மட்டும் ஒன்றுகூட மாறக்கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேற்றர் ஃபேன் திடீரென்று சுழலலாம், விரல் போய்விடும்.

இப்போது ஸ்பெனரைத் தொடுவதற்கு முன் போனை எடுங்கள். மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து என்று நாலைந்து படம். அப்புறம் ஒரு தாளில் ஒவ்வொரு கப்பியையும் வட்டமாகப் போட்டு, பெல்ட் எதன் மேலே, எதன் கீழே போகிறது என்று கோடு இழுங்கள். படம் இருக்கிறதே, வரைவதற்கு என்ன தேவை என்பீர்கள். படத்தில் ஒரு கப்பி எப்போதும் ஏதாவது குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

டென்ஷனர் என்பது ஸ்பிரிங் உள்ள ஒரு கை, அதன் நுனியில் வழவழப்பான கப்பி. அதில் ஸ்பெனர் பிடிக்க ஓர் இடம் இருக்கும். என் காரில் 19 மில்லிமீட்டர். நீளக் கைப்பிடியாகப் போட்டு, பெல்ட் தளரும் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பது காருக்குக் கார் மாறும். தளர்ந்ததும் மறுகையால் மேலே உள்ள, எட்டுவதற்கு எளிதான கப்பியிலிருந்து பெல்ட்டைச் சறுக்கி எடுங்கள். டென்ஷனரைப் பட்டென்று விட்டுவிடாதீர்கள்.

பெல்ட் வெளியே வந்துவிட்டது என்று உடனே புதியதை மாட்ட அவசரப்பட வேண்டாம். கீழே உள்ள பெரிய கப்பியைத் தவிர மற்ற ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிச் சுற்றினால் சரி. மணல் அரைபடுவது போல் கரகரத்தாலோ, இப்படியும் அப்படியும் ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுப் பெல்ட் போடுவது காசைக் கடலில் எறிவதுதான். கரையோரத்தில் நிற்கும் கார்களில் கப்பியின் வரிகளுக்குள் கறள் பிடித்திருக்கும், நைலோன் பிரஷால் தேய்த்து விடுங்கள். எங்காவது ஒயில் கசிந்தால் முதலில் அதைப் பாருங்கள், ஒயில் பட்ட பெல்ட் ஊதி வழுக்கும்.

மாட்டும்போது கீழே உள்ள பெரிய கப்பியில், அதாவது கிராங்க் கப்பியில், தொடங்குங்கள். வரி உள்ள பக்கம் வரியுள்ள கப்பியிலும், வழவழப்பான முதுகு வழவழப்பான கப்பியிலும் உட்கார வேண்டும். எளிதாக எட்டும் கப்பியைக் கடைசிக்கு வைத்து, டென்ஷனரைத் தள்ளி, பெல்ட்டைச் சறுக்கி, மெதுவாக விடுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும்.

நான் முதல் தடவை தவறியது இந்த இடத்தில்தான். ஒல்டர்நேட்டரில் பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தது, கவனிக்கவில்லை. காத்தான்குடி தாண்டவில்லை, ஓரம் நூல் நூலாக உரிந்துவிட்டது. புதுப் பெல்ட்! ஆகவே டோர்ச் அடித்து, ஒவ்வொரு கப்பியின் இரண்டு ஓரத்தையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெறும் வரி எதுவும் மிஞ்சக்கூடாது.

பற்றரியைப் பொருத்தி ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி பாருங்கள். இன்னும் கீச்சிட்டால் சவர்க்காரம் தேய்க்கிற வைத்தியம் வேண்டாம். கையையும் சட்டையையும் எட்ட வைத்துக்கொண்டு, ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு கப்பி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இறுக்கம் போதாது, டென்ஷனர் தளர்ந்திருக்கலாம்.

நான் மாற்றிய தேதியையும் மீற்றரில் இருந்த கிலோமீட்டரையும் பொனட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். வரைந்த தாள், நாலாக மடித்து, ஸ்பெயார் டயருக்கு அடியில் இருக்கிறது.