காரில் காற்றே வரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்கள்

மதுரையில் கார் வயரிங் வேலை செய்கிறேன். சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், “ஏ.சி. வேலை செய்யவில்லை, கேஸ் போட்டுக் கொடுங்கள்” என்று வண்டிகள் வரும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காற்று வந்து குளிர்ச்சி இல்லையா, காற்றே வரவில்லையா? காற்றே வராத வண்டிக்குக் கேஸ் நிரப்புவது வீண் செலவு. கேஸின் வேலை குளிர வைப்பது. காற்றைத் தள்ளுவது, இடப்பக்க இருக்கைக்கு எதிரே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ப்ளோயர் மோட்டார். அது நின்றுவிட்டால் வெயிலில் புழுக்கத்தோடு போய்விடும். மழையிலோ முன்கண்ணாடியில் படியும் ஆவி விலகாமல் சாலையே தெரியாது. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலையில் வையுங்கள். காற்றின் வேகத்தை மாற்றும் ப்ளோயர் திருகியை 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். பழுது எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

4-இல் மட்டும் காற்று அடித்து மற்றவற்றில் வரவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது, போனது ரெசிஸ்டர். வீட்டுச் சீலிங் ஃபேனுக்கு முன்பெல்லாம் தொட்டால் சுடும் பெரிய ரெகுலேட்டர் பெட்டி இருக்குமே, அதே வேலையைத்தான் இது செய்கிறது. குறைந்த வேகங்களில் மின்சாரம் இதன் கம்பிச் சுருள்கள் வழியாகப் போகும். 4-இல் இதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். சூடு தணிய வேண்டும் என்பதற்காகவே இதை ப்ளோயரின் காற்றுப் பாதையில் பொருத்தியிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு திருகுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். தானியங்கி ஏ.சி. உள்ள வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் பலகை இருக்கும். அங்கே இந்த 4-ஆம் எண் கணக்கு செல்லாது.

புது ரெசிஸ்டரை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். பழையது ஏன் எரிந்தது? காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தால் ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்று குறைந்துவிடும். மோட்டார் இறுகிச் சுற்றினால் அதிக மின்சாரம் இழுக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் மாட்டினால் புதியதும் எரியும். அதன் பிளக்கையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறி, ஓரம் உருகியிருந்தால் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எந்த எண்ணிலும் சத்தமே இல்லையென்றால் பியூஸில் தொடங்குங்கள். பல கார்களில் ப்ளோயருக்கு 30 ஆம்பியர், பச்சை நிறப் பியூஸ். உங்கள் வண்டிக்கு எது என்பது பியூஸ் பெட்டி மூடியில் இருக்கும். அது போயிருந்தால் அதே அளவுள்ள இன்னொன்றைப் போடுங்கள். பெரிய பியூஸோ, கம்பித் துண்டோ, சிகரெட் தாளோ வைத்து ஓட்டாதீர்கள். பியூஸ் காப்பாற்ற வேண்டிய வயர் டேஷ்போர்டுக்குள் தீப்பிடித்துவிடும். புதுப் பியூஸ் உடனே போனால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். பியூஸ் நன்றாக இருந்தால், அடுத்தது ரிலே; மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி அது. அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை அந்த இடத்தில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அதன்பின் மோட்டார் பிளக். சாவியை அணைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். அந்தப் பக்கம் ஏர்பேக் இருக்கும். மஞ்சள் நிற பிளக்குகளில் கை வைக்காதீர்கள். பிறகு சாவியை ‘ஆன்’ செய்து, திருகியை 4-இல் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கும் இடையே விளக்கைப் பிடிக்க வேண்டும். இதற்குச் சின்ன டெஸ்ட் லேம்ப் போதாது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது எரிந்து நம்மை ஏமாற்றிவிடும். நான் ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் வயர் கட்டி வைத்திருக்கிறேன். 55 வாட் பல்பு நாலைந்து ஆம்பியர் கேட்கும். உள்ளே அரித்துப்போன வயரால் அதைக் கொடுக்க முடியாது. பல்பு பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் பழுது. மங்கலாக எரிந்தால் பிளக், சுவிட்ச், எர்த் வயர் இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவதிலேயே சில வண்டிகள் சரியாகிவிடும்.

மோட்டார்தான் பழுது என்று தெரிந்தால், பிளக்கை மாட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அதன் முதுகில் மெல்லத் தட்டுங்கள். சுற்றத் தொடங்கினால், மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம். ஆனால் மோட்டாரை மாற்றியாக வேண்டும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் காற்று வரவில்லை என்றால் வயரிங்கைத் தொட வேண்டாம். கேபின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நெடுந்தூரப் பயணத்தில் காற்று போகப் போகக் குறைந்து, ஏ.சி.யை அணைத்துச் சற்று நேரத்தில் திரும்ப வந்தால், காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அதற்குச் சென்சார் காரணமாக இருக்கலாம், கேஸ் குறைவும் காரணமாக இருக்கலாம்; கேஸ் பற்றிப் பேச வேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு காரணம் எலி. வேப்பமரத்தடியில் நாள்கணக்கில் நின்ற ஒரு காரின் மோட்டாரைக் கழற்றியபோது, விசிறிக் கூடு நிறையச் சருகும், பானட்டுக்கு அடியிலிருந்து பிய்த்து வந்த பஞ்சும் இருந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வழியில் எலி புகுந்திருக்கிறது. அந்த வழியில் சேரும் சருகுகளை அவ்வப்போது அள்ளிவிடுங்கள். வண்டியைச் சில நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், சாவியை எடுப்பதற்கு முன் காற்றை உள்சுழற்சிக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த வாசலின் கதவு மூடிக்கொள்ளும்.