குழந்தைகளோடு சேர்ந்து வண்ணச் சோப்பு செய்வது எப்படி?

எண்ணெயிலிருந்து சோப்பு தயாரிக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும் என்பதால், குழந்தைகள் கூட நிற்கும்போது அந்த முறையை நினைக்கவே வேண்டாம். ஏற்கெனவே சோப்பாகிக் கட்டியாக விற்கப்படும் கிளிசரின் சோப்பு பேஸை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றும் முறையே இங்கே சொல்லப்படுகிறது. அடுப்பு வேலை பெரியவர்களுடையது. வண்ணமும் வடிவமும் குழந்தைகளின் பொறுப்பு.

அரை கிலோ பேஸில் 100 கிராம் சோப்புகள் ஐந்து கிடைக்கும். சிலிக்கோன் அச்சு இல்லாவிட்டால், கழுவித் துடைத்த பிளாஸ்டிக் தயிர்க் கப்புகள் போதும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து எவர்சில்வரையே பயன்படுத்துங்கள்.

முதலில் பேஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்தின் மேல் வைத்து மெதுவாக உருக்குங்கள். பேஸ் கொதித்துவிடக் கூடாது. கொதித்தால் அதிலுள்ள நீர் வற்றி, சோப்பு கலங்கலாகவும் ரப்பர் போலவும் ஆகிவிடும். வேகமாகக் கலக்கினால் நுரை கட்டும்.

வண்ணம் சேர்க்கும் கட்டம்தான் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். மஞ்சள் தூளை அப்படியே போட்டால் திரிதிரியாக நிற்கும். ஆகவே ஒரு சோப்புக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவான தூளைச் சில சொட்டுக் கிளிசரினில் குழைத்த பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பின் காரத்தன்மையால் நேரும் அதே மாற்றத்தால் இங்கும் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாயலாம். காரணத்தைச் சொல்லாமல் முதலில் குழந்தைகளையே ஊகிக்க விடுங்கள். செம்பருத்தி இதழ் இந்த வேலைக்கு உதவாது. அதன் சிவப்பு நிலைக்காது. பச்சைப் பூக்களையும் புதைக்க வேண்டாம். ஈரம் இருப்பதால் அவை கறுத்துக் கெட்டுவிடும். வாசனை எண்ணெய் சேர்ப்பதானால், சோப்புக்கென்று விற்கப்படுவதில் அரை கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

இரண்டு வண்ண அடுக்கு வேண்டுமானால், முதல் அடுக்கை ஊற்றி, மேலே பாலாடை போல ஏடு படியும்வரை காத்திருங்கள். இரண்டாவது கலவை, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். அதிகச் சூட்டோடு ஊற்றினால் கீழ் அடுக்கு கரைந்து வண்ணங்கள் கலந்துவிடும். ஊற்றுவதற்கு முன் முதல் அடுக்கின்மீது சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தெளித்தால் இரண்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், குமிழிகளும் உடையும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று, பெரியவர்களே அதைத் தெளிக்க வேண்டும். ஏடு படிந்த அந்த நேரத்திலேயே சிறு சிப்பியையோ பொம்மையையோ உள்ளே வைக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள எதையும் வைக்காதீர்கள்.

நான்கைந்து மணி நேரம் அறையிலேயே ஆறட்டும். குழந்தைகள் அவசரப்படுத்துவார்கள்தான், அதற்காக ஃபிரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் சோப்பு வியர்த்துவிடும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், அச்சிலிருந்து எடுத்த அன்றே பிளாஸ்டிக் தாளில் இறுக்கச் சுற்றிவிடுங்கள். ஓரங்களைச் செதுக்கிய துணுக்குகளை எறியாமல் சேர்த்துவைத்தால், அடுத்த முறை வெள்ளை பேஸில் தூவிப் பலவண்ணச் சோப்பாக்கலாம்.