லைட்டான லினக்ஸ் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரேம் கணக்கை நம்பி நான் கெட்ட கதை

"அண்ணா, இது வெறும் 180 எம்பி ரேமில ஓடுதாம், பாருங்கோ!"

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வாசலில் நின்று ஒரு தம்பி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். யாரோ ஒருவருடைய டெஸ்க்டொப் படம். கறுப்புப் பின்னணி, மூலையில் பச்சை எழுத்தில் ரேம் கணக்கு, கீழே வரிசையாக "சூப்பர்", "என் பழைய லப்டொப்புக்கு உயிர் வந்துவிட்டது" என்று கருத்துகள். அவன் தோளில் தொங்கிய பையில் ஆறாம் தலைமுறை ஐ3 லப்டொப், 4 ஜிபி ரேம், பழைய ஹாட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த புரொசசரை ஏற்காது. அதனால் இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் வந்திருக்கிறான். லினக்ஸ் பல பேர் தொகுத்த பல வடிவங்களில் கிடைக்கும், அவற்றைத்தான் டிஸ்ட்ரோ என்போம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படத்தைக் காட்டும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்பு அதே முகத்தோடு நானும் திரிந்தவன்.

பென்ட்ரைவில் ஐஎஸ்ஓ எழுதுவது, பேக்கப் எடுக்காமல் பார்ட்டிஷனை அழிப்பது, பாஸ்வேர்டை மறப்பது இதெல்லாம் இங்கே வராது. அவற்றுக்கு ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது. அடிபட்ட பிறகும் ஏன் அடிபட்டோம் என்று விளங்காத பிழைகளைத்தான் சொல்லப்போகிறேன்.

சும்மா நிற்கும்போது எவ்வளவு ரேம் என்று பார்த்து டிஸ்ட்ரோ தேர்வது

2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய வருடம். புதுக் கணினி வாங்கும் கதையே இல்லை. வெள்ளவத்தையில் டியூஷன் நடத்தும் ஒரு சேர், ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டொப் ஆறை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகள் பாட வீடியோ பார்க்க வேண்டும், ஓன்லைன் வகுப்பில் சேர வேண்டும், அவருக்கு வினாத்தாள் அடிக்க வேண்டும். எல்லாமே இரண்டாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரேம், 250 ஜிபி ஹாட் டிஸ்க். ஆறுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை பேசினேன். பேசிய தொகை பேசியதுதான், கூட்டிக் கேட்க மாட்டேன் என்று பெருமையாக வேறு சொல்லி வைத்தேன்.

இரண்டு இரவு முழுக்க மற்றவர்களின் கருத்துகளை வாசித்தேன். எது ஆகக் குறைந்த ரேமில் எழும்புகிறது என்று தாளில் எழுதி வரிசைப்படுத்தினேன். முதலாவதாக வந்ததை ஆறிலும் போட்டேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பிழை அதனுடையது இல்லை. எழும்பியதும் 170 எம்பி. திரையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினேன். அவர்களும் "சூப்பர்" என்றார்கள்.

சனிக்கிழமை முதல் வகுப்பு. ஆறு பிள்ளைகளும் பிரவுசரைத் திறந்து, ஒரு டேபில் கணக்குப் பாட வீடியோ, இன்னொன்றில் வகுப்பு, மூன்றாவதில் என்னவோ. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆறு பெட்டியிலும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. மவுஸ் அம்பு ஊர்ந்தது. "அண்ணா, இது நிண்டுட்டுது" என்று ஒரு மூலையிலிருந்து ஒரு குரல், பிறகு இன்னொரு மூலையிலிருந்து. சேர் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதாவது யோசித்தேனா? இல்லை. இன்னும் லைட்டானது ஒன்று இருக்கும் என்று வீட்டுக்குப் போய்த் தேடினேன்! அடுத்தடுத்து மூன்று டிஸ்ட்ரோ, ஆறு பெட்டி, மொத்தம் 18 இன்ஸ்டலேஷன். அதுவும் மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், மின்வெட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு.

எனக்கு விளங்கப் பிந்திய விஷயம் இதுதான். வெறும் டெஸ்க்டொப்பை யாரும் பாவிப்பதில்லை. ஆகச் சிக்கனமான ஆன்டிஎக்ஸ் மாதிரி ஒன்றுக்கும், எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டொப் போட்ட லினக்ஸ் மின்ட்டுக்கும் எழும்பும்போது உள்ள வித்தியாசம் சில நூறு எம்பி. நாலைந்து டேப் திறந்த பிரவுசர் மட்டுமே ஒரு ஜிபியைத் தாண்டி விழுங்கும். கல்யாண வீட்டில் பந்தலுக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று எண்ணாமல், வாசலில் கட்டிய வாழைமரம் எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்த்த கதை என்னுடையது.

அந்த எண்ணே ஒரு ஏமாற்று என்பது தனிக்கதை. ஒரு மென்பொருள் கேஷ் நினைவகத்தைச் சேர்த்துக் காட்டும், இன்னொன்று கழித்துக் காட்டும், ஒரே டிஸ்ட்ரோ ஒருவருடைய விர்ச்சுவல் மெஷினில் ஒரு அளவும் உங்கள் லப்டொப்பில் வேறு அளவும் காட்டும். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை டிஸ்க் கேஷாகப் பாவித்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். டெர்மினலில் ஃப்ரீ (free) கட்டளை அடித்தால் "அவெய்லபிள்" என்ற கடைசி நிரலைப் பாருங்கள், மற்றதை வைத்துக் கவலைப்படாதீர்கள்.

சரி, அந்த ஆறு பெட்டியையும் உண்மையில் கொன்றது எது? முதலாவது ஹாட் டிஸ்க். ரேம் நிரம்பியதும் கணினி ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குப் போகும். சுழலும் டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிக்கும்போது நொடிக்கு நூறு தடவை வாசித்தாலே பெரிய காரியம். சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பத்தாயிரக்கணக்கில் வாசிக்கும். இரண்டாவது வீடியோ. யூடியூப் பெரும்பாலும் விபி9 வடிவத்தில் அனுப்பும், அந்தக் காலத்து இன்டெல் சிப்பில் அதைப் பிரிக்கத் தனி வன்பொருள் இல்லை, முழுப் பாரமும் புரொசசர் தலையில். எச்264ஐஃபை என்ற சின்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் எச்.264 என்ற வேறு வடிவத்தில் அனுப்பும், பழைய புரொசசருக்கு அது எவ்வளவோ இலகு. இந்த இரண்டிலும் டிஸ்ட்ரோவுக்குப் பங்கே இல்லை.

கடைசியில் ஒரு பெட்டியில் மட்டும் என் காசில் 120 ஜிபி எஸ்எஸ்டியும் இன்னொரு 2 ஜிபி ரேம் துண்டும் போட்டு, என் தாளில் கடைசி இடத்தில் இருந்த "பாரமான" மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை ஏற்றினேன். மற்ற ஐந்தையும் அது ஓரங்கட்டிவிட்டது. சேரிடம் போய் மற்றவற்றுக்கும் இப்படிச் செய்ய மேலதிகமாகக் காசு வேண்டும் என்று சொல்ல நின்றபோது வார்த்தை வரவில்லை. "தம்பி, இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். மூன்று பெட்டிக்கு நானே செலவழித்துச் செய்து கொடுத்தேன். மற்ற மூன்றையும் அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை.

காசு போனது கிடக்கட்டும். அந்த ஆறையும் இரண்டு நாள் என் வீட்டில் வைத்திருந்தேன், ஒன்றிலாவது பிரவுசரைத் திறந்து அரை மணித்தியாலம் வீடியோ ஓட்டிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சல் வருகிறது. நான் வாசித்த அத்தனை கருத்திலும் ஒருவர்கூட "இதில் இன்ன வேலை செய்கிறேன், எஸ்எஸ்டி இருக்கிறது, ஆறு மாதமாகப் பாவிக்கிறேன்" என்று எழுதியிருக்கவில்லை, நானும் அதைத் தேடவில்லை. என்ன பெட்டி, என்ன டிஸ்க், என்ன வேலை, எத்தனை நாள் என்ற நாலும் இல்லாத கருத்து, சாப்பிடாதவன் சாப்பாட்டுக்கடைக்குச் சொன்ன தீர்ப்பு.

மடிக்கணினிக்கு ரேம் வாங்கும்போது வோல்டேஜ் பார்க்காதது

டிடிஆர்3 வேறு, 1.35 வோல்டில் ஓடும் டிடிஆர்3எல் வேறு. கழற்றிய துண்டைக் கையோடு கொண்டு போங்கள்.

தேதி பார்க்காமல் கருத்தை நம்புவது

"லுபுண்டு போடு, பழைய மெஷினுக்கு அதை விட்டால் வேறில்லை" என்று இன்றைக்கும் கனபேர் சொல்கிறார்கள். அந்த லுபுண்டு எது என்று கேளுங்கள். 2018 ஒக்டோபரில் வந்த 18.10 பதிப்பிலிருந்து அது எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டொப்பை விட்டு எல்எக்ஸ்கியூடி என்ற வேறொன்றுக்கு மாறிவிட்டது. பழைய வன்பொருள்தான் எங்கள் முதல் நோக்கம் என்ற பேச்சையே அந்த வருடம் அவர்கள் கைவிட்டார்கள். நல்ல டிஸ்ட்ரோதான், நானே ஒரு பெட்டியில் பாவிக்கிறேன், ஆனால் 2015இல் ஒருவர் புகழ்ந்தது இதை இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. "லுபுண்டு இப்போது மந்தம், பிரவுசர் திறக்கவே ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்" என்பார்கள். அதன் 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசர் ஸ்னாப் பொதியாக வருகிறது, சுருக்கி வைத்த கோப்பை ஒவ்வொரு முறையும் விரித்துத் தொடங்க வேண்டியிருப்பதால் ஹாட் டிஸ்க்கில் முதல் தடவை திறக்க இழுக்கும். ஒரு பிரவுசருடைய குற்றத்தை முழு டெஸ்க்டொப்பின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஸ்னாப்புக்குப் பதிலாக, ஃபயர்ஃபொக்ஸைச் செய்யும் மொசில்லாவின் டெப் பொதியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பழையது என்றால் 32 பிட் என்று நினைப்பது

அந்தப் பழைய கோர் 2 டுவோ புரொசசரே 64 பிட்தான். டெபியன் டிஸ்ட்ரோவின் 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டலர் இல்லை, ஃபயர்ஃபொக்ஸ் 145லிருந்து 32 பிட் லினக்ஸுக்கு வராது, குரோம் 2016லேயே போய்விட்டது. உண்மையிலேயே 32 பிட் மட்டும் என்றால் அந்தப் பெட்டிக்குப் பாட்டுக் கேட்கிற வேலை கொடுங்கள்.

ஸ்வாப்பை அணைப்பது

"ஸ்வாப்தான் மந்தமாக்குது, நிறுத்து" என்று யாரோ சொல்ல, 2 ஜிபி பெட்டியில் நிறுத்திவிட்டு, திரை உறைந்ததும் எனக்கு அழைப்பு. மந்தம் வந்தது ரேம் போதாததால். ஸ்வாப்பும் இல்லாவிட்டால் மந்தத்துக்குப் பதில் உறைவுதான் வரும். இசட்ரேம் போடுங்கள். ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும், டிஸ்க்குக்குப் போகும் தேவை குறையும், புரொசசர் கொஞ்சம் கூட உழைக்கும், அது பரவாயில்லை.

தமிழ் எழுதுவதைக் கடைசியில் யோசிப்பது

ஐரோப்பாவில் இருந்து கருத்து எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை, அதனால் அவர் எழுதவும் மாட்டார். கொழும்பில் ஒரு கணினி என்றால் மூன்று மொழி. ஆகச் சிக்கனமான டிஸ்ட்ரோக்களில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் எதுவும் ஏற்றியிருக்காது, போட்டாலும் ஐஸ்டபிள்யூஎம் மாதிரி வெறும் விண்டோ மேனேஜரில் அது தானாக எழும்பாது, தொடக்கக் கோப்பில் நீங்களே எழுதி வைக்க வேண்டும். மின்ட்டில் உள்ளீட்டு முறைக்கென்று அமைப்புகளில் தனியிடமே இருக்கிறது. எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ்99 மட்டுமில்லை, இங்கே பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு, கனபேருக்கு இது தெரியாது.

பாமினி எழுத்துரு இன்னொரு தலைவலி. கல்யாண அட்டை முதல் கோயில் நோட்டீஸ் வரை இன்னமும் பாமினியில்தான் அடித்து வருகிறது. அது யுனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியது. எழுத்துருக் கோப்பைப் போடாமல் லிப்ரெஒஃபிஸில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா "நீ போட்ட லினக்ஸ் என் ஃபைல் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது" என்று அழாத குறை. எழுத்துருவைப் போட இரண்டு நிமிடம். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பின்னேரம்.

பிரிண்டர்

ஒவ்வொரு போட்டோகொப்பிக் கடையிலும் இருக்கிற அந்தச் சின்ன லேசர் பிரிண்டர் உங்களிடமும் இருந்தால், டிஸ்ட்ரோ பேச்சை விட்டு முதலில் டிரைவரைத் தேடுங்கள்.

லைவ் யூஎஸ்பியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

கணினியில் ஏற்றாமல் மலிவு பென்ட்ரைவிலிருந்தே, யூஎஸ்பி 2 துளையில் ஓட்டிப் பார்த்து "மந்தம்" என்கிறார்கள். பப்பி லினக்ஸ் முழுவதையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் அதே துளையில் பறக்கும், உடனே "பப்பிதான் வேகம்" என்கிறார்கள். லைவில் வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று பார்க்கலாம். வேகத்தை அங்கே பார்க்காதீர்கள்.

வாரத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாற்றுவது

வேண்டாம்.

அந்தத் தம்பியை யூனிட்டி பிளாசாவுக்குள்ளேயே அழைத்துப் போய் ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்க வைத்தேன். பையிலிருந்து லப்டொப்பை எடுத்து அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள், மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை அவனே வீட்டில் ஏற்றிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மூலையில் பச்சை எழுத்து, 740 எம்பி. கீழே, "வேகமா இருக்கு அண்ணா, ஆனா ரேம் கூடவோ?"

இன்னும் பதில் போடவில்லை.