கல்லூரி கபடி அணியில் ரெய்டர் பஞ்சமா? திரும்ப வளர்க்கும் வழி

"இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பு இல்லை, எல்லாம் போன்தான்" என்ற புலம்பலைக் கேட்க வந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பசங்க நன்றாகத்தான் இருக்கிறார்கள். "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புபவன்தான் ரெய்டர். அப்படிப் பாடிப் போக அவர்களை நாம் விடுவதில்லை, அவ்வளவுதான்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரிக்கு ரைட் கவர் (வலப்பக்கத் தடுப்பு) ஆடியவன். எங்கள் அணியில் பிடி சுமார். ஆனால் ரெய்டர்கள் மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள், மூன்று பேரும் மூன்று விதம். ஓமலூர், வாழப்பாடி, தாரமங்கலம் என்று எந்த ஊர்த் திருவிழா ஆட்டத்துக்குப் போனாலும் முதலில் எங்கள் ரெய்டர்களைத்தான் தேடுவார்கள். இதற்கென்று யாரும் திட்டம் போடவில்லை. ஒவ்வொரு மூன்றாம் வருட ரெய்டரும் ஒரு முதல் வருடப் பையனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார், பயிற்சி ஆட்டத்தில் "நீ போடா முதல்ல" என்று தள்ளிவிடுவார், பிடிபட்டு வந்தால் எங்கே கால் வைத்தான் என்று மண்ணில் கோடு கிழித்துக் காட்டுவார். அது பல வருடம் அப்படியே ஓடியது.

அப்புறம் நிர்வாகத்துக்குக் கோப்பை ஆசை வந்தது. வேறு மாவட்டத்திலிருந்து ஏற்கெனவே பேர் வாங்கிய ஒரு ரெய்டரை, கட்டணம் இல்லை, விடுதி இலவசம் என்று கூட்டி வந்தார்கள். அருமையான பையன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை. மூன்று வருடம் ஜெயித்தோம். அந்த மூன்று வருடத்தில் வேறு யாரும் உருப்படியாக ஒரு ரெய்டு போகவில்லை. அவன் படிப்பு முடித்துக் கிளம்பிய அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். ரெய்டர் வரிசை அறுந்தது அந்தத் தோல்வியில் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய மூன்று கோப்பைகளைக் காட்டுவேன்.

இப்போது இரண்டு வருடமாக அந்தப் பசங்களோடு காலையில் மைதானத்தில் நிற்கிறேன். பி.டி. சாரோ, கேப்டனோ, என்னைப் போல ஓய்வு கிடைத்தால் வந்து நிற்கும் பழைய மாணவரோ, யார் வேண்டுமானாலும் இந்த வளர்ப்பு வேலையைச் செய்யலாம்.

முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 நொடி, ஆக இரண்டு அணிக்கும் சேர்த்துக் குறைந்தது 80 ரெய்டு, உங்கள் பங்கு 40 சொச்சம். அந்த நாற்பதையும் ஒன்று விடாமல் எழுதுங்கள்: யார் போனது, தொட்டானா, போனஸா (போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து எடுக்கும் புள்ளி), வெறும் ரெய்டா (புள்ளி இல்லாமல் திரும்புவது), பிடிபட்டானா. நான்கு ஆட்டம் எழுதினாலே போதும், பூனைக்குட்டி வெளியே வந்துவிடும். எங்கள் நோட்டில் ஒரே பையன் பாதிக்கு மேல் போயிருந்தான். என் கணக்கில் அதுவே அபாயச் சங்கு.

அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு, மெயின் ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் அணி எத்தனை புள்ளி எடுத்தது என்பது. அவன் உள்ளே வர வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒருவரைத் தொட வேண்டும் அல்லது பிடிக்க வேண்டும். போனஸ் எடுத்தால் ஸ்கோர் ஏறுமே தவிர வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாது. இது தெரியாமலே, மெயின் ரெய்டர் வெளியே இருக்கும்போது மற்றவர்கள் பயந்து பயந்து போனஸ் கோட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், அவன் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பான், நாம் ஆல் அவுட் ஆகிவிடுவோம். எங்கள் அணி தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து நிமிடத்தில் தோற்றவைதான்.

சரி, ஆள் தேடுவது எப்படி. ஜிம் உடம்பைப் பார்த்து எடுக்காதீர்கள். ஆண்கள் சீனியர் பிரிவில் 85 கிலோவுக்கு மேல் போகவே கூடாது, கீழே எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. நான் பார்ப்பது வேறு. பசங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, ஒருவன் முழங்காலை மற்றவன் தொடச் சொல்வேன், தானும் தொடப்படக் கூடாது. நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுதான். இதில் ஜெயிப்பவனைவிட, தொட்டவுடனே உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்பவன் யார் என்று பாருங்கள். முன்னால் பாய எல்லோருக்கும் தெரியும். திரும்பி வருவது சிலருக்குத்தான் கூடவே பிறந்திருக்கிறது. கோ-கோ ஆடியவர்களை விட்டுவிடாதீர்கள். தடுப்பில் கார்னர் ஆடும் பையனையும் பாருங்கள், கணுக்காலை எந்த நொடியில் பிடிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும், அவனைவிட நல்ல ரெய்டர் வேறு யார்?

ஆள் இருந்தும் வராமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மைதானத்தில் தேடினால் கிடைக்காது. எங்கள் பயிற்சி முன்பு மாலையில். சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பகுதிப் பசங்களில் சிலர் மாலையில் வீட்டுத் தறிக்கு உதவப் போக வேண்டும். சிலருக்கு வாரக் கடைசியில் கேட்டரிங் வேலை. ஏற்காடு பக்கம் மலைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பையன், நான் பார்த்ததிலேயே லாவகமான கால், மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும் என்று பாதியிலேயே ஓடிவிடுவான். பி.டி. சார் அவனை "ஒழுங்கில்லாதவன்" என்று பட்டியலிலிருந்து எடுத்தேவிட்டார். நேரத்தை முதல் வகுப்புக்கு முன்னால் மாற்றி, அவனுக்கு மட்டும் வாரம் மூன்று நாள் விடுதியில் தங்க அனுமதி வாங்கினோம். இந்த அனுமதிக் கடிதத்துக்கு நான் நடந்த நடை, மலையைக் காலாலேயே ஏறியிருக்கலாம். ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனம் இல்லை.

இனி பயிற்சி. மேட் (ஆடுகள விரிப்பு) இல்லையென்றால் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போதும், ஆனால் அளவு சரியாக இருக்கட்டும். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (யாரையும் தொடாவிட்டால் ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அதற்கு ஒரு மீட்டர் தாண்டி போனஸ் கோடு, அதற்கப்பால் கடைசிக் கோடு வரை 1.75 மீட்டர்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. யாரையாவது தொடும்வரை அதில் கால் வைக்க முடியாது, ஆக உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது எட்டு மீட்டர் அகலம். ஊர்த் திருவிழாவில் கண் மதிப்பில் போட்ட களத்தில் ஆடிப் பழகிய பையன் நிஜக் களத்துக்கு வந்தால் பாக் லைனைத் தாண்டிவிட்டதாக நினைத்துத் திரும்புவான், தாண்டியிருக்க மாட்டான், அவுட். எனவே முதல் இரண்டு வாரம் எதிரில் ஆளே வேண்டாம். கீழே பார்க்காமல் பாக் லைனைத் தாண்டிப் போய்த் திரும்பு, போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வை, மற்றொரு கால் அந்தரத்தில் இருக்கட்டும், திரும்பு. கண் எப்போதும் எதிரே, கோடுகள் காலுக்கே தெரிந்துவிட வேண்டும். எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் என்பதால் ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையும்போது எண்ணச் சொல்லுங்கள். பசங்க இதை மறந்துவிட்டு ஐந்து பேர் இருக்கும்போது போனஸுக்குப் போய்க் காலைக் கொடுத்துவிட்டு வருவார்கள். கோபம் வரும், திட்டாதீர்கள்.

பாட்டு. பாட்டு இல்லாமல் ரெய்டு இல்லை. புரோ கபடியை டிவியில் பார்த்துவிட்டு வரும் பையன்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள், நம் பக்கத்து நடுவர்கள் சிலர் அதற்கே விசில் அடித்துவிடுவார்கள். சத்தமாக, நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே ஆரம்பித்து, 30 நொடி ரெய்டுக்கு 40 நொடி பாடப் பழகுங்கள், அதுவும் நின்றுகொண்டு இல்லை, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே.

மூச்சுக்கு மலை நல்லது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் அடிவாரத்துக்குப் போய், வண்டி வராத ஒரு எஸ்டேட் பாதையில் பாடிக்கொண்டே ஏறுவோம். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மெயின் ரோட்டில் வேண்டாம், விடிந்தால் சுற்றுலா வண்டிகள். "மலையில் ஆக்சிஜன் கம்மி, அதனால் ஸ்டாமினா ஏறும்" என்று ஒருவர் பசங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஏற்காடே 1500 மீட்டர் உயரம்தான், வாரத்துக்கு ஒரு காலை வந்து போவதில் ரத்தம் ஒன்றும் மாறப்போவதில்லை. வேலை செய்வது ஏற்றம்தான். கெண்டைக்காலும் தொடையும் கெட்டியாகும். இறங்கும்போது மட்டும் ஓடவே கூடாது, நடந்துதான் வர வேண்டும், முழங்கால் கெடுவது இறக்கத்தில். கீழே வந்ததும் தட்டுவடை செட் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள், கூடவே இரண்டு முட்டையும்.

முழங்கால் பற்றி இன்னும் கொஞ்சம். மண்ணில் ஆடிப் பழகியவன் திரும்பும்போது பாதம் வழுக்கும், அந்த வழுக்கலே அவனைக் காப்பாற்றியது. மேட் அப்படி இல்லை, ஷூ பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்கும், உடம்பு திரும்பும், நடுவில் மாட்டுவது முழங்கால். மேட் மேல் முதல் பத்து நாள் யாரையும் பிடிக்க விடாதீர்கள், முன்பாதத்தில் திரும்பப் பழக்குங்கள். "டப்" என்று சத்தம் கேட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிட்டுக் கட்டுக் கட்டுவதெல்லாம் வேண்டாம், எலும்பு டாக்டரிடம் போங்கள். என் காலத்து ரெய்டர் ஒருவர் அப்படி உருவி உருவியே ஆட்டத்தை விட்டார்.

டுப்கி (பிடிக்க வருபவர்களின் கைக்கு அடியில் குனிந்து நழுவுவது), லயன் ஜம்ப் (அவர்களைத் தாண்டிக் குதிப்பது) எல்லாம் எப்போது? கடைசியில். புரோ கபடி ரெய்டர் பர்தீப் நர்வால் 2017-இல் ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளி எடுத்ததைப் பார்த்த எல்லாப் பையனும் டுப்கியில்தான் ஆரம்பிக்கிறான். முதலில் ஹேண்ட் டச் (கையால் தொடுவது), டோ டச் (கால் விரலால் தொடுவது), அப்புறம் ஒரு கிக், இந்த மூன்றும் வந்த பிறகு அவன் உடம்புக்கு எது வருகிறதோ அது.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பயிற்சி ஆட்டத்தில் ஏழு பேரும் ரெய்டு போக வேண்டும், மெயின் ரெய்டர் தொடர்ந்து இரண்டு முறை போகக் கூடாது, கடைசி ஐந்து நிமிடம் அவன் வெளியே உட்கார வேண்டும். அதோடு, இரண்டு வெறும் ரெய்டுக்குப் பிறகு மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற டூ ஆர் டை விதியை வைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது ரெய்டுக்கு வேண்டுமென்றே உங்கள் மூன்றாவது ரெய்டரை அனுப்புங்கள். பத்தில் எட்டு தடவை பிடிபடுவான். கேப்டன் முகம் சுளிப்பார், பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். பயிற்சிதானே, பிடிபடட்டும்.

பெரிய அணிகளுக்கே இது பொருந்தும். 2018 ஆசிய விளையாட்டில், 1990 முதல் தங்கத்தைத் தவறவிடாத இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. நாற்பது நிமிடத்தில் 18 புள்ளி. நட்சத்திர ரெய்டர்கள் நிறைந்த அணிதான் அது. இன்னொரு பக்கம், புரோ கபடியின் 2022 சீசனுக்குத் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி கொடுத்து எடுத்த ரெய்டர் பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே போனார். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். நரேந்தர் என்ற புதுப் பையன் 200-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார், தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதி ஏறியது. பவன் ஆடியிருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வெளியிலிருந்து ரெய்டர் எடுக்கவே கூடாதா என்று பி.டி. சார் கேட்டார். எடுங்கள் சார், ஆனால் கட்டணச் சலுகை கொடுக்கும்போதே ஒரு முதல் வருடப் பையனை அவன் கையில் ஒப்படையுங்கள், நோட்டில் அந்தப் பையனின் ரெய்டு எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள் என்றேன். பதில் வரவில்லை, ஆனால் போன மாதம் பார்த்தால் புதிதாக வந்த ரெய்டர் பக்கத்தில் மலைக் கிராமத்துப் பையன் உட்கார்ந்து மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், எங்களுக்கு முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை, முன்பைவிட மோசமாகத் தோற்றோம். இரண்டாம் வருடம் நோட்டில் மெயின் ரெய்டரின் பங்கு 40-க்கு 16 என்று இறங்கியிருக்கிறது. கோப்பை இன்னும் வரவில்லை. நோட்டு இப்போது என்னிடம் இல்லை, கார்னர் ஆடும் இரண்டாம் வருடப் பையன் எழுதுகிறான், தன் ரெய்டுகளைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதிக்கொள்கிறான் என்று நினைக்கிறேன்.