ஆடும் பல்செட்டுக்கு இம்பிளாண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பற்கள் போன பிறகு, அவற்றைத் தாங்கி நின்ற எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகக் கரையும். அதன் பிறகு வேகம் குறைந்தாலும் நிற்பதில்லை. கீழ்த்தாடையில் இந்தத் தேய்மானம் மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மேல் பல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் பற்றிக்கொள்ள இடம் உண்டு. கீழ் பல்செட்டுக்குக் கிடைப்பது ஒரு குறுகிய எலும்பு மேடு மட்டுமே. அதையும் நாக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே கீழ் பல்செட் ஆடுவதற்கு அதை அணிந்திருப்பவர் வெட்கப்பட எதுவும் இல்லை.

கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியம் இம்பிளாண்ட்களை, அதாவது திருகு போன்ற செயற்கை வேர்களை, எலும்பில் பதித்து, பல்செட்டை அவற்றோடு கொக்கி போலப் பிணைத்துவிட்டால் இந்த ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு பயனுள்ள சிகிச்சை தவிர்க்கக்கூடிய தவறுகளால் வீணாகும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை, இம்பிளாண்ட் வைத்துவிட்டால் பல்செட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கின்றன.

பல்செட்டைப் பார்க்காமல் எலும்பை மட்டும் பார்ப்பது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பல்செட் ஏன் ஆடுகிறது என்பது. அடிப்பகுதி ஈறோடு பொருந்தாமல் போயிருக்கலாம். மேல், கீழ் பற்கள் சரியாகச் சேராமல் கடிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் எழும்பலாம். அப்படியானால் அடிப்பகுதிக்குப் புதுப் பூச்சு கொடுத்தோ, புதிய பல்செட் செய்தோ சரிப்படுத்திவிட முடியும். சிலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கோளாறுள்ள பல்செட்டை இம்பிளாண்ட் மேல் மாட்டுவதுதான் மிக மோசமான தவறு. இரண்டு இம்பிளாண்ட்கள் பல்செட்டை நழுவாமல் பிடித்து வைக்கும். மெல்லும் பாரத்தைப் பெரும்பாலும் பின்பக்க ஈறுதான் தாங்குகிறது. அங்கே பொருத்தம் இல்லையென்றால் ஒவ்வொரு கடிக்கும் பல்செட் முன்னும் பின்னும் அசையும். இணைப்பிலுள்ள நைலான் வளையம் விரைவில் தேயும், இம்பிளாண்ட் மேல் பக்கவாட்டு அழுத்தம் விழும், அந்த இடத்தில் பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் விரிசல் விடும். எனவே பல்செட்டை முதலில் திட்டமிட்டு, அதற்கு ஏற்ற இடத்தில் இம்பிளாண்ட் வைப்பதே முறை. இணைப்பு உட்காரப் பல்செட்டுக்குள் போதிய உயரம் இருக்கிறதா, உள்ளே உலோக வலுவூட்டல் தேவையா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். இப்போதுள்ள பல்செட் நன்றாகப் பொருந்துகிறது என்றால், அதிலேயே இணைப்பைப் பொருத்திக்கொள்ள முடியும், புதியது கட்டாயமில்லை.

எண்ணிக்கையிலும் குழப்பம் வருகிறது. இரண்டு போதும் என்பது கீழ்த்தாடைக்கான கணக்கு. மேல்தாடை எலும்பு மென்மையானது. அங்கே பொதுவாகக் குறைந்தது நான்கு தேவைப்படும். 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள மினி இம்பிளாண்ட்கள் குறுகிய எலும்புக்கு உதவும். ஆனால் அவற்றை வழக்கமான அளவுக்கு ஒன்றுக்கு ஒன்று ஈடாக எண்ணக் கூடாது. எலும்பின் அகலம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் அதை வீண் செலவாக நினைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் முழுவதும் சொல்லாமல் விடுவது

சர்க்கரை நோய் இருப்பதாலேயே இம்பிளாண்ட் வைக்க முடியாது என்றில்லை; கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் புண் ஆறுவதைக் கெடுக்கிறது. புகைப்பிடித்தல் இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இவற்றை மருத்துவர்களே கேட்டுவிடுவார்கள்.

அடிக்கடி விடுபடுவது உடலெங்கும் எலும்பு பலவீனமாகும் எலும்புத் தேய்மான நோய்க்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து. சோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கு ஒரு முறையும், டெனோசுமாப் 6 மாதத்துக்கு ஒரு முறையும் ஊசியாகப் போடப்படுகின்றன. தினமும் விழுங்கும் மாத்திரை இல்லை என்பதால், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. தாடையில் அறுவை நடக்கும்போது எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து, குறைவானதே என்றாலும், இந்த மருந்துகளால் உண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவில் பெறுபவர்களுக்கு அது இன்னும் கூடுதல். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றிருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை அறுவைக்காகத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அது இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

ஆறுவதற்கு முன் அவசரப்படுவது

இம்பிளாண்டோடு எலும்பு இறுகப் பிணைய வழக்கமாகக் கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதம் வரையும் ஆகும். தக்க உறுதி இருந்தால் சிலருக்கு முன்னதாகவே பல்செட்டை இணைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். இந்தக் காலத்தில் பழைய பல்செட்டை அப்படியே போட்டுக்கொண்டு மெல்லாதீர்கள். இம்பிளாண்ட் இருக்கும் இடத்தில் அதன் அடிப்பகுதியைக் குடைந்து, மென்மையான பூச்சு கொடுத்த பிறகே அணிய வேண்டும்.

பொருத்திய பிறகு கவனிக்காமல் விடுவது

பல்செட்டை வாயில் வைத்து, கடித்து அழுத்தி மாட்டுகிறார்கள். இது வேண்டாம். சற்றுக் கோணலாக அமர்ந்தாலும் இணைப்பு நசுங்கிவிடும். இரு பக்கமும் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். நைலான் வளையங்கள் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை; பிடி தளர்ந்தால் அவற்றை மாற்றுவது எளிய வேலை. ஆனால் பின்பக்க எலும்பு தொடர்ந்து கரையும் என்பதால், வளையத்தை மாற்றும்போது அடிப்பகுதியின் பொருத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி வளையம் தேய்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு வளையத்தில் இல்லை.

இம்பிளாண்ட் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறில் கிருமி சேர்ந்தால், உள்ளே எலும்பு வலியே இல்லாமல் கரையும். துலக்கும்போது இரத்தம் கசிவது முதல் அறிகுறி. வாயிலுள்ள இணைப்புகளின் அடிவரை தினமும் மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். இரவில் பல்செட்டைக் கழற்றிவைத்து ஈறுக்கு ஓய்வு கொடுங்கள். கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் வளையும். பிளீச்சிங் திரவம் நைலானைக் கெடுக்கும்.

கை நடுக்கமோ விரல் பலவீனமோ உள்ளவர்களுக்கு மிக இறுக்கமான இணைப்பு தொல்லையாகிவிடும். கழற்ற முடியாமல் நாள்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். வளையங்கள் வெவ்வேறு இறுக்கத்தில் கிடைக்கின்றன, தளர்வானதைக் கேட்டு வாங்கலாம். வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கும் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது.

சிகிச்சை முடிந்ததும் இம்பிளாண்டின் தயாரிப்பு நிறுவனம், அளவு, இணைப்பின் வகை ஆகியவற்றை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அந்தத் தாள் இல்லாமல் பொருந்தும் உதிரிப் பாகத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.